ஸ்தாய்கோவின் வண்டி மூச்சு விட்ட பக்கம்

எதிர்வீட்டு மின்கா இடது காலில் கறுப்புக் காலுறையும் வலது காலில் தோல் நிறக் காலுறையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவார். எங்கள் ஊர் செவ்லியெவோவில் அதற்காக யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கணவர் ஸ்தாய்கோவின் வண்டியில் போகிறவர் வேறு எப்படித்தான் உடுத்துவது?

அது சோவியத் காலத்து மோட்டார் சைக்கிள். வலப்பக்கம் ஒரு சைடுகார், குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல. எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் காதுகளாக நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். உள்ளே வரும்போது எஞ்சின் வயிற்றிலிருக்கும் காற்றுக்கு இடமில்லை. அது வெளியேற ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. காற்று மட்டும் வந்தால் பரவாயில்லை. எண்ணெயும் ஆவியாக, துளியாகக் கூடவே வரும். அந்தக் குழாயின் வாய் சைடுகார் பக்கம் பார்த்திருந்தது. அதாவது, மின்காவின் இடது காலை.

ஸ்தாய்கோ நகரசபைக்காகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் பொறுக்கமாட்டார். "ஒரு வாஷரைப் போட வக்கில்ல, நீங்கள்லாம் ஒரு குடும்பம்!" என்று வாசலில் நின்று கத்திவிட்டு, வண்டி சொட்டும் எண்ணெயால் தெரு நெடுகக் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவார்.

மகள் ரலித்சாவுக்குக் கல்யாணம் செப்டம்பரில் என்று முடிவானதும் பிரச்சினை வந்தது. அவள் பள்ளிக்கூடம் போனதே அந்தத் தொட்டியில்தான்.

"தேவாலயத்துக்கும் உன் தொட்டியிலதாம்ப்பா வருவேன்" என்றாள். ஸ்தாய்கோ மூக்கைச் சிந்துவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வருவா, வருவா" என்றார் மின்கா. "வெள்ளை கவுன்ல ஒரு சொட்டு விழுந்துச்சு, அப்புறம் எங்கண்ணன் கார்தான். சொல்லிட்டேன்."

அண்ணன் கிரோ ஏற்கெனவே காரைக் கழுவ ஆரம்பித்திருந்தார். வாங்கிப் பல வருடமாகியும் இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத கார் அது. உட்கார்ந்தால் மிட்டாய்த் தாள் கசங்குகிற சத்தம் வரும்.

"கவலையே படாத மச்சான்" என்றார் கிரோ. "நீ பின்னாடி வா. மெதுவா வா. ஒழுகிக்கிட்டே வா."

சோதனை முறையை வகுத்தவர் மின்கா. ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொட்டியில் மணப்பெண் மாதிரி சுற்றி உட்கார வைப்பார். ஸ்தாய்கோ பழைய மாவு மில் வரை போய்த் திரும்ப வேண்டும். பிறகு விரிப்பைத் துணிக்கொடியில் போடுவார். தெரு முழுக்க வந்து பார்க்கும்.

முதலில் ஸ்தாய்கோ மூச்சுக்குழாயோடு ஒரு நீளமான ரப்பர் குழாயை மாட்டிப் பின் சக்கரத்துக்குப் பின்னால் விட்டார். காற்று சுழன்றடித்து அத்தனையையும் தொட்டிக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவந்தது. விரிப்பு காடை முட்டை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரி ட்சோனா, "பூ டிசைன் நல்லாயிருக்கு, எங்க வாங்கின?" என்று கேட்டார்.

அடுத்து குழாயை எஞ்சின் காற்றிழுக்கும் பக்கமே திருப்பிவிட்டார். விட்ட மூச்சைத் தானே இழுத்து எரித்துவிடட்டும் என்பது திட்டம். எரிக்கத்தான் செய்தது. தெருவே நீலப் புகையில் மறைந்தது. அது வீட்டுக்கு வீடு குடமிளகாய் சுடும் பருவம் என்பதால் கொஞ்ச நேரம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புகைக்குள்ளிருந்து ஸ்தாய்கோ இருமிக்கொண்டே வண்டியைத் தள்ளி வந்தபோதுதான் தெரிந்தது. ஸ்பார்க் பிளக்குகள் கரியாகியிருந்தன. விரிப்பில் சொட்டு இல்லை. ஆனால் அது வெள்ளையாகவும் இல்லை.

"சாம்பல் கலர்ல கல்யாணம் பண்ணிக்கறியாடி?" என்று மகளைக் கேட்டார் மின்கா.

"பண்ணிக்கறேனே."

"ரெண்டு பேரும் ஒண்ணு. போங்க அந்தப் பக்கம்."

மூன்றாவது யோசனை மின்காவின் சமையலறையிலிருந்தே வந்தது. எங்கள் ஊரில் இலையுதிர் காலம் என்பது கண்ணாடி ஜாடிகளின் காலம். சுட்ட குடமிளகாயையும் தக்காளியையும் கிண்டிக் குளிர்காலத்துக்கு லூதெனிட்சா போட்டு வைப்போம். ஸ்தாய்கோ ஒரு காலி ஜாடியை எடுத்து, அதன் தகர மூடியில் இரண்டு ஓட்டை போட்டார். ஒன்றில் மூச்சுக்குழாயைச் செருகி ஈயத்தால் பற்றவைத்தார். இன்னொன்றைத் திறந்தே விட்டார். எண்ணெய் ஜாடியில் தங்கும்; காற்று ஓட்டை வழியே போய்விடும். ஜாடியைத் தொட்டியின் மூக்கில் கம்பியால் கட்டினார்.

விரிப்பு மாவு மில்லிலிருந்து பால் வெள்ளையாகத் திரும்பி வந்தது. கொடியில் அது காற்றுக்கு உப்பியதைத் தெரு முழுக்க நின்று பார்த்தது. கிரோ கூட வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன மச்சான், வாயே திறக்கல?" என்றார் ஸ்தாய்கோ.

"வெளுத்தது உன் பொண்டாட்டி, பீத்திக்கறது நீ."

கல்யாணத்தன்று காலையில் நான் ஜன்னலில் இருந்தேன். மின்கா வண்டியருகே வந்து நின்றார். ஜாடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்து மாட்டினார். மூடிமேல் பூவேலை செய்த துணி போட்டு சிவப்பு நாடா கட்டப் போனவர், அந்த ஓட்டையைக் கண்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஓட்டை மூடி போட்ட ஜாடியா? உலகத்தில் எந்த ஜாடியையும் அவர் காற்றுப் புக விட்டதில்லை. உள்ளே போய் ஒரு மெழுகுவர்த்தியோடு வந்தார். சொட்டுச் சொட்டாக உருக்கி ஓட்டையை அடைத்தார். கட்டைவிரலால் தட்டிப் பார்த்தார். வண்டியிடம் அவர் அவ்வளவு அன்பாக நடந்துகொண்டு நான் பார்த்ததேயில்லை. அடைக்கக் கூடாது என்பது எனக்கும் அப்போது தெரியாது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பித்தளை வாத்தியக்காரர்களும் ஒரு மத்தளக்காரரும், அடுத்து ஸ்தாய்கோ, தொட்டியில் ரலித்சா, பின்னால் கதவு பாதி திறந்தபடியே கிரோவின் கார். நாங்களெல்லாம் ஓரமாக நடந்தோம்.

சந்தைத் தெருவுக்கு வரும்போது எஞ்சினின் குரல் மாறியது. ஏப்பம் வராதவன் முனகுவது மாதிரி ஒரு சத்தம். பொருத்துகளிலெல்லாம் எண்ணெய் வியர்த்தது. பிறகு, எஞ்சினின் இடப்பக்கத்தில் எண்ணெய் அளவு பார்க்கச் செருகியிருக்கும் குச்சி, டப்பென்று பிடுங்கிக்கொண்டு பறந்து, மத்தளக்காரரின் மத்தளத்தில் குத்தி நின்றது. அவர் அதைத் தன் தாளம் என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்.

குச்சி இருந்த துளையிலிருந்து எண்ணெய் கறுப்பாகப் பீச்சியது. விட்டால் காற்று அதைத் தொட்டிக்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். இனி எஞ்சின் மூச்சு விடுகிற வழி அதுதான்.

"நிறுத்து மச்சான்!" கிரோ தலையை வெளியே நீட்டினார். "பொண்ணை இங்க ஏத்து! கதவு தொறந்தேதான் இருக்கு!"

ஸ்தாய்கோ துளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நிறுத்தினால் சட்டை பிழைக்கும், எஞ்சினும் பிழைக்கும். மகள் இறங்கிப் போய்விடுவாள். இடது முழங்காலைத் துளைக்கு நேராக மடக்கிச் சுவர்போல் வைத்தார்.

"அப்பா, உன் மேலெல்லாம்..."

"நீ நேரா உக்காரு. குனியாத. தொட்டியை விட்டுக் கையை வெளிய நீட்டாத."

முழங்காலில் பட்டது வயிற்றுக்கு ஏறியது. வயிற்றிலிருந்து சட்டைக்கு, தாடைக்கு, மீசைக்கு. கிரோ தேவாலயம் வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். வாசலில் எஞ்சின் ஒருமுறை விக்கி நின்றது.

ரலித்சா இறங்கினாள். மின்கா மகளைச் சுற்றிச் சுற்றி வந்து கவுனை மடிப்பு மடிப்பாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

பிறகுதான் கணவரைப் பார்த்தார். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன.

"உள்ள எப்படிய்யா வருவ?"

"வராம? என் பொண்ணு."

பாதிரியார் வாசலில் கையை அகல விரித்து நின்றார். சுவரெல்லாம் அந்தக் கோடையில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஸ்தாய்கோ ஒரு எட்டு வைத்தால் அவரும் ஒரு எட்டு வைத்தார். மின்கா தொட்டிக்குள் குனிந்து, மகளுக்கு அடியில் போட்டிருந்த சோதனை விரிப்பை உருவினார். கணவரைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை சுற்றி, சிவப்பு நாடாவை ஜாடியிலிருந்து அவிழ்த்து இடுப்பில் கட்டினார். பாதிரியார் வழிவிட்டார்.

அந்தப் புகைப்படம் இன்றும் அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளையில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, "இதுல எதுப்பா நம்ம பொண்ணு?" என்று கேட்டாராம்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் மின்கா ஜாடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒரு துளிகூட இல்லை. கழுவி வைத்தது போல இருந்தது.

"பாத்தியா?" என்றார் ஸ்தாய்கோவிடம். "நல்லா அடைச்சா ஒண்ணுமே ஆகாது."