சபீரா ‘ஆச்சு’ சொல்லும்வரை

காகிதத் தட்டில் ரசம் நிற்குமா? நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பேச்செல்லாம் முடிந்து சாப்பாட்டு நேரம் வந்ததும், கையில் ஒரு காகிதத் தட்டைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். சோறு, பருப்பு, கோழிக்கறி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கரண்டி ரசம். தட்டு நடுவில் குழிந்தது. ரசத்தில் பாதி என் புதுச் சேலையிலும் மீதி பிஜித் தீவின் லவுத்தோக்கா மண்ணிலுமாகப் போய்ச் சேர்ந்தது. வாசனை மட்டும் மிஞ்சியது. புளி, மிளகு, கூடவே கொஞ்சம் கருகிய பூண்டு. அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சேலையும் மறந்துவிட்டது, கோபமும் மறந்துவிட்டது.

பூண்டைக் கருகவிடுவது எங்கள் விடுதிச் சமையலறையின் கைமணம். அதைத் தொடங்கிவைத்தவர் சலோட்டே அக்கா. மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து வந்த பிஜிக்காரப் பெண்மணி. நம்மவர்கள் யாரோ ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கருகவிட அவர் தானாகவே கற்றுக்கொண்டார். தாலோக் கீரையை, அதாவது சேப்பங்கீரையை, தேங்காய்ப் பாலில் வேகவைத்து அவர் இறக்கினால் சட்டியை வழித்து நக்கலாம். ரசம் மட்டும் எப்போதும் கருகல்தான். நாங்களும் கருகின ரசம்தான் ரசம் என்று நினைத்தே வளர்ந்தோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போய், “என்னம்மா ரசத்துல வாசனையே இல்ல?” என்று கேட்டு அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வெள்ளைக்காரன் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தம் எழுதிக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் சொந்தமாகக் கரும்பு போட்டு, தங்களுக்கென்று ஒரு சங்கமும் வைத்துக்கொண்ட பிறகு கட்டிய பள்ளிக்கூடங்களில் ஒன்று எங்களுடையது. தகரக் கூரை, மரச் சுவர். வேலிக்கு அந்தப் பக்கம் கரும்பு, கரும்புக்கு நடுவில் ரயில் பாதை. அரவைக் காலத்தில் ஆலைப் புகைக்கரி காற்றில் வந்து கொடியில் காயும் எங்கள் வெள்ளைச் சட்டைகளில் புள்ளி வைக்கும். நகரத்துப் பெரிய பள்ளிகளின் பெண்கள் எங்களைப் பார்த்து, “கரிப்புள்ளி” என்பார்கள். சொல்லட்டுமே. பரீட்சை முடிவு வரும்போது அந்தக் கரிப்புள்ளிகள் எங்கே நின்றன என்று அவர்களுக்கும் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

விளையாட்டில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ், சாப்பாட்டுப் பந்தியில் தமிழ் என்பது விடுதி ஒழுங்கு. இன்றைக்கு நான் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் அது அந்தச் சோறும் பருப்பும் போட்ட பிச்சை.

பந்திக்கு இன்னொரு ஒழுங்கும் இருந்தது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. இது ஒன்றும் புதிதில்லை. கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்தில் உண்பவரை அவமதித்த மாதிரி என்று நம் வீடுகளில் சொல்வதுதான். எங்கள் பெரிய டீச்சர் அதை மூன்று வேளைக்கும் சட்டமாக்கிவிட்டார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. மதராஸ் பக்கத்திலிருந்து தனியாகக் கப்பலேறி வந்த மெலிந்த அம்மாள், விடுதியும் அவர் பொறுப்புதான். கடைசியாக முடிக்கும் பெண் தட்டை வழித்துவிட்டு, “ஆச்சு!” என்பாள். உடனே நீளப் பெஞ்சுகளெல்லாம் ஒன்றாகத் தரையில் உராயும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்போம்.

கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? நீங்கள் சபீராவோடு ஒரு வேளை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

சபீரா என் வகுப்பு, என் அடுத்த கட்டில். மலபார் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம், நாந்தியில் துணிக்கடை. தங்கமான பெண், ஆனால் சாப்பாட்டில் ஆமை. பருப்பில் மிளகாயைத் தேடி எடுத்து ஓரமாக அடுக்குவாள். சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, அவற்றுக்குப் பெயர் வைக்காத குறையாக ஒவ்வொன்றாக உள்ளே அனுப்புவாள். நாங்கள் கை காய்ந்து உட்கார்ந்திருப்போம். வெளியே நெட்பால் ஆட்டத்துக்கு வெயில் வீணாகிக்கொண்டிருக்கும். “அடியே, விழுங்கித் தொலைடி!” என்று நான் கெஞ்சாத நாள் கிடையாது. “அவசரப்பட்டா வயித்துக்கு ஆவாது” என்பாள், அடுத்த உருண்டையைப் பிடித்தபடி. எல்லாவற்றிலும் அவள் கடைசி. தினமும் “ஆச்சு” சொல்வதும் அவள்தான்.

கடைசி வருஷம், அரவைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. துணி துவைத்து, தலைக்குக் குளித்து, மத்தியானப் பந்தி உட்கார எப்போதும் நேரமாகிவிடும் நாள் அது. வாசலில் அப்பா நின்றிருந்தார். எங்கள் ஊர் தவுவாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பொண்ணக் கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன் டீச்சர். நாளைக்குக் காலையில பாக்க வர்றாங்க. சிங்காத்தோக்கா பக்கத்து ஆளுங்க. அண்ணன் பேசி முடிச்சிட்டாரு.”

“திரும்ப எப்ப வருவா?”

அப்பா தரையைப் பார்த்தார். அந்தப் பதிலுக்குப் பொருள் எனக்கும் புரிந்தது, டீச்சருக்கும் புரிந்தது. அண்ணன் என்றால் என் பெரியப்பா. எங்கள் வீட்டில் கரும்பு நடுவதிலிருந்து பெண் கொடுப்பதுவரை அவர் சொல்தான். அப்பா அவரிடம் மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

“பஸ் எப்ப?”

“மூணு மணிக்கு. அத விட்டா இன்னைக்கு வேற இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது. டாக்சி என்பது எங்களுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பிடிக்கிற வண்டி. பெரிய டீச்சர் வாதாடவில்லை. “வந்தவங்க சாப்பிடாமப் போவக்கூடாது. கை கழுவிட்டு வாங்க” என்றார்.

நான் என் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டுக்கூடத்து வாசலில் வைத்தேன். ஒரு மாதத்துக்கு முன்புதான் பேராசையோடு வாங்கின ஜாமெட்ரிப் பெட்டியைச் சபீராவின் கட்டிலில் போட்டுவிட்டேன். இனிமேல் எனக்கெதற்கு? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். அப்பாவுக்குப் பெஞ்சின் கோடியில் இடம். சபீரா அவருக்கு நேர் எதிரே.

“மாமா, கடைசி ஆளு ஆச்சுன்னு சொன்னப்புறந்தான் எழுந்திருக்கணும். இங்க அதான் வழக்கம்” என்றாள் சபீரா, பவ்வியமாக.

“நம்ம வீட்லயும் அதான வழக்கம்மா” என்றார் அப்பா.

சாப்பிட்டோம். ஒவ்வொருத்தராக முடித்தோம். அப்பாவும் முடித்தார். சபீரா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போனது. கடைசி உருண்டையும் உள்ளே போனது. அவள் “ஆச்சு” சொல்லப்போகிறாள் என்று நான் முந்தானையைச் சரிசெய்தேன். அவள் தட்டை நீட்டினாள்.

“அக்கா, கொஞ்சம் சோறு.”

இரண்டாம் தரம் சோறு கேட்டு அவளை நாங்கள் கண்டதேயில்லை. சலோட்டே அக்கா ஒரு நிமிஷம் அவளையும் வாசலில் இருந்த என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “கானா வக்கலெவு!” என்றார். நிறையச் சாப்பிடு என்று அர்த்தம். சொன்னபடியே குன்றாகக் குவித்தார். சபீரா மிளகாய் தேட ஆரம்பித்தாள்.

நெட்பாலுக்குப் பறக்கிற பெண்கள், தினமும் அவளைத் திட்டுகிற பெண்கள், அத்தனை பேரும் சாமி முன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சோறு காய்ந்து கை விறைத்தது. பெரிய டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சபீரா மூன்றாம் தரமும் தட்டை நீட்டினாள். பாதியில் அவளுக்கு விக்கல் எடுத்தது. கண்ணில் தண்ணீர். அப்படியும் தின்றாள் பாவி.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில் தட்டு காலியாகிவிட்டது. மறுபடியும் கேட்க வாயைத் திறந்தவளால் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, ரயில் பாதை திருப்பத்தில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. இப்போது எழுந்தால்கூடப் பிடித்துவிடலாம். சபீரா என்னைப் பார்த்தாள். போதும் என்று நான் தலையாட்டினேன். நிஜமாகவே போதும் என்று தோன்றிவிட்டது எனக்கு.

“அம்மா, கொஞ்சம் ரசம் கெடைக்குமா? சோறும் போடுங்க.”

அப்பாவின் குரல். வீட்டில் இன்னொரு கரண்டி என்று வாய் திறந்து கேட்டறியாத அப்பா.

சலோட்டே அக்கா ஓடிவந்து ஊற்றினார். அப்பா தலை நிமிரவில்லை. ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். சபீராவே வெட்கப்படும் அளவுக்குப் பொறுமையாகச் சாப்பிட்டார். பஸ் வாசலில் நின்றது. இரண்டு தரம் ஹார்ன் அடித்தது. பிறகு போய்விட்டது. அதன் சத்தம் கரும்புக்குள் அடங்கும்வரை அவர் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் பாடம் ஒப்பிப்பதுபோல, “ஆச்சு” என்றார்.

அன்றைக்கு எழுப்பிய சத்தத்தைப் பெஞ்சுகள் வேறு என்றைக்கும் எழுப்பியதில்லை.

“பஸ்சு போயிருச்சு டீச்சர்.”

“ஆமா. நாளைக்கும் பஸ்சு இல்லையே.”

“இல்லதான் டீச்சர்.”

மழை வருமா வராதா என்று பேசுகிற மாதிரி இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா எங்கள் சமையலறைக்கு விறகு பிளந்து போட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறும்போது, “பரீட்சைய முடிச்சிட்டே வா” என்றார். அவ்வளவுதான்.

ஊரில் பெரியப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாராம். அப்பா, “பந்தியில உக்காந்துட்டேன். பாதியில எழுந்திருக்கச் சொல்றியாண்ணே?” என்றாராம். விவரம் கேட்கத் திரும்ப வந்திருந்த சிங்காத்தோக்காப் பெரியவர் ஒருவர், “அது கூடாதுதான்” என்று ஒத்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு வேறு பெண் பார்க்கப் போய்விட்டாராம். அந்த மாப்பிள்ளை பேரில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அவரை நான் பார்த்ததேயில்லை.

நான் பரீட்சையில் தேறினேன். டீச்சர் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை சமபுலாவில் பிள்ளைகளை மேய்த்தேன். சபீரா நர்ஸானாள். அன்றைய பந்தியில் இருந்த ஒவ்வொருத்தியைப் பற்றியும் இப்படி ஒரு வரி என்னால் சொல்ல முடியும். எந்த நகரத்துப் பள்ளியின் வெள்ளைச் சட்டைக்கும் அந்தப் பெஞ்சை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அப்பா வாயே திறந்ததில்லை. அவருக்கு வயதான பிறகு ஒருநாள் நானே கேட்டேன்: “அன்னைக்கு ரசம் அவ்வளவு நல்லாவாப்பா இருந்துச்சு?”

“எங்க? பூண்டு கருகிப் போயிருந்துச்சு” என்றார்.

விடுதியை மூடி வெகுகாலமாகிறது. நல்ல ரோடும் மணிக்கொரு பஸ்ஸும் வந்த பிறகு யார் பிள்ளையை விட்டுப் பிரிந்திருப்பார்கள்? நிலக்குத்தகை முடிந்து பாதிப் பேர் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். சாப்பாட்டுக்கூடம் இப்போது கம்ப்யூட்டர் அறை. பெஞ்சுகள் எங்கே போயின என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

விழாவுக்கு ஆக்லாந்திலிருந்து சபீராவும் வந்திருந்தாள். மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தோம். மற்றவர்கள் நின்றபடியே தின்று, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்து, கார் ஏறிக் கலைந்தார்கள். சபீரா பொய்ப்பல்லோடு மிளகாய் தேடிக்கொண்டிருந்தாள். மேசை துடைக்க வந்த மாணவி ஒருத்தி, “ஆன்ட்டி, ஹோய் கைஸ்?” என்றாள். முடிந்துவிட்டதா என்று இந்தியில் கேட்கிறாள். என் தட்டு எப்போதோ முடிந்துவிட்டது.

“இன்னும் இல்லம்மா” என்றேன். அவளுக்குத் தமிழ் புரியவில்லை. சிரித்துவிட்டு மற்ற மேசைகளைத் துடைக்கப் போனாள்.

வெயில் சாய்ந்தது. சபீரா கடைசி உருண்டையைப் பிடித்து வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். தட்டின் ஓரத்தில் மிளகாய்கள் வரிசையாக இருந்தன. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். ஆள் இல்லை.

“ஆச்சு” என்றாள், மெதுவாக.

நான் மட்டும் எழுந்து நின்றேன்.