பதினேழாம் எண் உறை

தொலைநோக்கி விண்ணுக்குப் போக இன்னும் இரண்டே நாள் இருந்தபோது தையலக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். அதையும் வேறு யாரும் சொல்லவில்லை, அவளே தன் வாயால் சொன்னாள்.

அன்று புதன்கிழமை சாயங்காலம். சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "சமையல் ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றாள். மனிதர் நம்பி, கை கழுவி, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

"என்னம்மா, காத்துலயா சமைச்ச?" என்று சிரித்தார் அவர். அவள் சிரிக்கவில்லை. வெங்காயத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்ட கேள்வி காதில் சரியாக விழுவதற்கு முன்பே பதில் வாயிலிருந்து குதித்துவிட்டதே, அதே மாதிரி நேற்றும் ஒரு தடவை குதித்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்பு அவள் பஸ் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமே அதனால் வந்ததுதான். தன் வண்டி சீட்டில் மட்டும் தையல் கோணலாக இருக்கிறது என்று சண்டை போட வந்த டிரைவர், சண்டையை முடிக்காமலே மாப்பிள்ளையாகிவிட்டார். பிறகு தொலைநோக்கி கட்டுகிற இடத்தில் தையல் தெரிந்த ஆள் கேட்டார்கள். சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லிய வெள்ளித்தாளை இருபது அடுக்காகச் சேர்த்து, கிழியாமல் தைக்க வேண்டும். படித்தவர்கள் ஆறு பேர் தைத்துப் பார்த்துக் கிழித்தார்கள். இவள் கிழிக்கவில்லை. அன்றிலிருந்து சொந்தப் பேர் மறைந்துவிட்டது. பெரிய பொறுப்பில் இருந்தவர்கள்கூடத் தையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தத் தொலைநோக்கி எதைத் தேடப் போகிறது என்பதைத் திட்டத் தலைவி அவளுக்கு ஒரு தடவை விளக்கியிருந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் என்பதால் அவருக்கு டீச்சர் என்றே பெயர். தெருவிளக்குக்கு முன்னால் ஒரு கொசு பறந்தால் வெளிச்சம் எவ்வளவு குறையுமோ, அவ்வளவுதான் குறையும், ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கிரகம் கடந்துபோகும்போது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தொலைநோக்கி அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அசைகிறதா என்று நட்சத்திரங்களைப் பார்த்துச் சரிசெய்வதற்கென்றே பக்கவாட்டில் ஒரு சின்ன கேமரா. அந்தக் கேமராவின் கண்ணாடியை மூடுகிற உறைதான் பதினேழாம் எண்.

இப்படி மொத்தம் இருபத்திரண்டு உறைகள். எல்லாம் அவள் தைத்தவை. தூசி படாமலிருக்க வருஷக்கணக்காக மாட்டியிருந்து, ராக்கெட்டின் தலைக்கூம்பை மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மறக்காமலிருக்க ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் தொங்கும். கழற்றும் நாளில் ஒருவர் பட்டியலிலிருந்து எண்ணைப் படிப்பார். கழற்றுகிறவர் கழற்றிவிட்டு "ஆச்சு" என்பார். படித்தவர் டிக் போடுவார். அங்கே எந்த வேலைக்கும் பதினோரு வருஷமாக இதுதான் பழக்கம்.

கழற்றும் நாளான செவ்வாய்க்கிழமை பட்டியல் படித்தவர் லிஸ்ட் என்று பெயர் வாங்கிய மனிதர். மளிகைக் கடைக்குப் போனாலும் டிக் போட்டுத்தான் வாங்குவார். பக்கத்தில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்குக் கடிகாரம் என்று பெயர். எப்போது சாப்பாட்டு நேரம் வரும் என்று நாள் முழுக்க மணி கேட்டுக்கொண்டே இருப்பார். தூசி புகாத அந்தச் சுத்த அறையில் யாரும் வாட்ச் கட்டக் கூடாது. சுவரில் ஒரே ஒரு கடிகாரம், அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால்.

"பதினாறு" வரை ஒழுங்காகப் போனது. பதினேழாம் உறையில் மட்டும் ரிப்பன் போன வாரமே அறுந்துவிட்டிருந்தது. மாற்றுவதற்காக ரிப்பனோடு புதிதாக ஒன்று தைத்துக் காலையில் கொண்டு வந்திருந்தாள். இன்றைக்கே எல்லாம் கழற்றப் போகிறோமே, இனி எதற்கு மாற்றுவது என்று விட்டுவிட்டார்கள். அந்தப் புதுசை எங்கே வைத்தாள்? அதுதான் தெரியவில்லை. அவள் குனிந்து கேமராப் பக்கம் போகும்போது கடிகாரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அக்கா, மணி ஒண்ணு ஆச்சா?" என்றார். அதே நேரத்தில் லிஸ்ட் "பதினேழு" என்றார். அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஒன்று தாண்டி இரண்டு நிமிஷம். "ஆச்சு" என்றாள்.

லிஸ்ட் டிக் போட்டார். அடுத்து "பதினெட்டு."

திரும்பப் பதினேழுக்குக் குனிந்தாளா? எவ்வளவு யோசித்தும் நினைவில் அந்த இடம் காலியாகவே இருந்தது. கடைசியில் தட்டில் கிடந்த உறைகளை எண்ணினார்கள். சரியாக இருபத்திரண்டு. கை தட்டினார்கள். பெட்டியில் போட்டு முத்திரை வைத்தார்கள். தலைக்கூம்பையும் மூடிவிட்டார்கள். ஆனால் அந்தப் புது உறையும் தட்டில் விழுந்திருந்தால், எண்ணிக்கை சரியாக வந்ததுதான் பெரிய ஆபத்து. அப்படியானால் பழசு இன்னும் கேமராவின் மேலேயே இருக்கிறது. ரிப்பன் இல்லாமல், சுற்றிலும் இருக்கிற வெள்ளித்தாளின் அதே நிறத்தில், யார் கண்ணிலும் படாமல்.

இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவருக்கு முகம் மாறியது. "நீ வாயே தொறக்காத. லிஸ்ட்ல டிக் இருக்கு, எண்ணிக்கை சரி. உன்ன யாரு கேக்கப்போறா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஸ்பானர் என்றொரு மனிதர் ஒரு திருகாணியைக் காணவில்லை என்று தானாகப் போய்ச் சொன்னார். மறுநாளே கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணப் போட்டுவிட்டார்கள். திருகாணி அவர் காலுறைக்குள் இருந்தது. அவர் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறார்.

அன்று ராத்திரி இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவர் ஓட்டுகிற முதல் பஸ்ஸிலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும் இடம் வந்ததும் அவர் கதவைத் திறக்காமல் அவள் பக்கம் திரும்பினார். பின்னால் ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

"நேத்து சொன்னத விட்டுடு. பிரேக் மேல சந்தேகம் இருந்தா நான் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார்.

நல்லவர்தான், ஆனால் இறங்கிப் போக வேண்டியது அவளல்லவா. முதலில் தையல் அறைக்குப் போனாள். புது உறை தன் மேஜை இழுப்பறையிலேயே இருந்துவிட்டால் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டில் எண்ணினது எல்லாம் கழற்றினதுதான் என்று ஆகிவிடும். இழுப்பறையை இழுத்தாள். நூல்கண்டுகள், கத்தரிக்கோல், அவள் மூக்குக்கண்ணாடிப் பெட்டி. அடுத்ததை இழுத்தாள். அதிலும் இல்லை. குப்பைக் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து டீச்சரைத் தேடிப் போனாள்.

டீச்சர் நடைவழியில் தேநீர்க் கோப்பையோடு ஏதோ தாளைப் படித்துக்கொண்டு வந்தார். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அவரைக் கண்டதும் காணாமல் போயிற்று.

"மேடம், பதினேழுக்கு நான் ஆச்சுன்னு சொன்னது மணிக்கு" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும். மறுபடி முதலிலிருந்து சொன்னாள், ரிப்பன், புது உறை, சுவர்க் கடிகாரம், வெங்காயம் உட்பட. டீச்சர் திட்டவில்லை. கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தையலக்காவுக்கு.

லிஸ்ட் தன் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். டிக் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது என்று வாதாடினார். முத்திரையை உடைத்து உறைகளை மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. எல்லாவற்றிலும் சிவப்பு ரிப்பன் இருந்தது. ஒன்றுகூடக் குறையில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"ரிப்பன் இல்லாதது எங்க?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். கடிகாரம் முதல் தடவையாக மணி கேட்காமல் நின்றார். வெள்ளிக்கிழமைப் பயணம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

தலைக்கூம்பின் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கதவு உண்டு. எட்டு மாடி உயரம் லிப்ட்டில் போக வேண்டும். உள்ளே கை மட்டும்தான் போகும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. லிஸ்ட்டின் கை பருமன். கடிகாரத்தின் கை நீளம் போதாது. உறையின் நான்கு பிரஸ் பட்டன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது தைத்தவளுக்குத்தான் தெரியும். "நீங்கதான் எடுக்கணும்" என்றார் டீச்சர்.

அவளுக்கு அந்த நேரத்தில் பிடித்த பயம் லேசுப்பட்டதல்ல. உறை இருந்தால் தப்பு அவளுடையது. உறை இல்லாவிட்டால் விரல் நேராகக் கண்ணாடியில் படும், அதுவும் அவள் தப்புதான். வெள்ளை அங்கிக்குள் வியர்வை முதுகில் வழிந்தது. கையுறை போட்ட கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். ஒரு குழாய், ஒரு வளைவு, அதைச் சுற்றிக் கீழே. கையை அப்படியே நிறுத்தி, பட்டன்கள் எந்தப் பக்கம் என்று மனசில் கணக்குப் போட்டாள். பிறகு ஒரு நூலளவு முன்னே நகர்த்தினாள்.

விரலில் இரட்டைத் தையல் தட்டுப்பட்டது. அவள் போட்ட தையல்தான்.

ஒவ்வொரு பட்டனாக நான்கையும் எடுத்தாள். வெளியே வந்த கையில் சின்னதாக, வெள்ளியாக, ரிப்பன் இல்லாத பழைய உறை இருந்தது. லிஸ்ட் தாளை எடுத்து, "பதினேழு" என்றார்.

வழக்கமான சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று விழுங்கினாள். "கையில இருக்கு" என்றாள். லிஸ்ட் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் போட்டார். அன்று மதியமே டீச்சர் உத்தரவு போட்டுவிட்டார், இனிமேல் இந்த இடத்தில் யாரும் ஆச்சு என்று சொல்லக் கூடாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராக்கெட் கிளம்பியது. மைதானத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தையலக்கா தரையைப் பார்த்தாள். பயம் போய்விட்டது என்று நினைத்தால் தப்பு, வேஷத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வந்திருந்தது. கடைசி பட்டனை எடுக்கும்போது கையுறை கண்ணாடியில் உரசியிருந்தால்? கேமரா கண் திறக்க இன்னும் மூன்று மணி நேரம். கேன்டீனில் மூலையில் போய் உட்கார்ந்தாள். கடிகாரம் ஒரு வாழைப்பழம் கொண்டு வந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணிக்கு மேல் டீச்சர் வாசலில் வந்து நின்றார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நேராக அவளிடம் வந்தார்.

"பதினேழு பாக்குது" என்றார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா மேடம்?"

டீச்சர் அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், எண்ணி மாளாது. மங்கல் இல்லை, கீறல் இல்லை, எந்தப் புள்ளியும் நடுங்கவில்லை. அவள் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, தையல் சரிபார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. டிப்போவில் நின்று பேசினார், பின்னால் பஸ்கள் உறுமின. பாவம், அவருக்குப் புது உத்தரவு எதுவும் தெரியாது.

"ஆச்சா?" என்று கேட்டார்.

அவள் போனைக் காதில் வைத்தபடி இன்னொரு தடவை திரையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவர் "என்னம்மா, என்னம்மா" என்று பதறினார்.

"ஆச்சுங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.