தங்கமான மேயர்

எங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீரைச் செம்பில் பிடித்து வைத்தால் அரைமணி நேரத்தில் அடியில் கறுப்பாக வண்டல் படியும். நாற்றம் மட்டும் படியாமல் மேலேயே நிற்கும். தாமிரபரணியை இரண்டு தெரு தள்ளி வைத்துக்கொண்டு இந்தக் கண்றாவியைக் குடிக்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரத்தில்தான் நான் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். சாக்கடை கலக்கிற அந்தப் பழைய குழாயை மாற்றித் தருகிறேன் என்று வீடு வீடாகச் சத்தியம் செய்தேன். ஜெயித்தும் தொலைத்தேன்.

ஜெயித்த பிறகுதான் தெரிந்தது, குழாய் மாற மேயர் மனது வைக்க வேண்டும் என்று. மேயரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமான ஆள்பலம். நான் எந்தக் கட்சியிலும் இல்லாதவள் என்பதால் இருவரும் மாறி மாறி வீட்டுக்கு வந்து, "அக்கா, அக்கா" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். காபித்தூள்தான் தீர்ந்தது. யார் குழாயை மாற்றுவார் என்று பிடிபடவில்லை.

"நீ பேசாம இரு. ஆள் எப்படின்னு நான் விசாரிச்சுட்டு வாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் சொந்தத்தில் யார் மாப்பிள்ளை பார்த்தாலும் முதலில் இவரிடம்தான் வருவார்கள். மாப்பிள்ளை குடியிருக்கும் தெருவுக்குப் போவார். மளிகைக் கடை, இஸ்திரி வண்டி, பக்கத்து வீடு என்று மூன்று இடத்தில் பைய பேச்சுக் கொடுப்பார். தேவைப்பட்டால் பூர்வீக ஊர் வரை பஸ் ஏறுவார். அவருக்குத் தெரிந்த விசாரணை அது ஒன்றுதான். மேயருக்கும் அதையே செய்தார்.

முதல் வேட்பாளர் பாளையங்கோட்டைக்காரர். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே கட்சி.

"தங்கமான மனுசன், அண்ணாச்சி" என்றாராம் மளிகைக் கடைக்காரர். பக்கத்து வீட்டில், "அதிர்ந்து பேச மாட்டாவ" என்றார்களாம். இஸ்திரி போடும் அம்மாள் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "என்ன சொன்னாலும் சரிம்பாவ. குடுத்து வச்சிருக்கணும்" என்றாளாம்.

மேயரைப் பற்றி யாராவது குடுத்து வச்சிருக்கணும் என்பார்களா? இந்த மனிதருக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டாமா?

உறைக்கவில்லை. அடுத்து வேட்பாளரின் பூர்வீக ஊரான ஆழ்வார்குறிச்சிக்குப் போனார். அங்கே வேட்பாளரின் பெரியம்மா கேசரியும் பஜ்ஜியும் வைத்து, "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். மரியாதைக்கு விசாரிக்கிறார்கள் என்று எண்ணி, கோயம்புத்தூரில் புருஷன் பிள்ளையோடு இருக்கும் எங்கள் மகளை நினைத்து இவர் "எம்.காம்." என்றிருக்கிறார். அந்த அம்மாள் முகம் மலர்ந்து இன்னொரு கரண்டி கேசரி வைத்தாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் கால்மணி நேரம் அந்தக் கேசரியைப் பற்றித்தான் பேசினார்.

இரண்டாவது வேட்பாளர் டவுனில் இருந்தார். பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர். அவர் தெருவில் இவர் வாயைத் திறந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

"வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதான் வே. நாலு கட்சி மாறிட்டான். ஆனா விடியக்காலம் குழாய் ஒடஞ்சாலும் இடுப்புல கட்டின சாரத்தோட வந்து நிப்பான். சரி பண்ணாம போவ மாட்டான்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு இவர் உதட்டைப் பிதுக்கினார். "தெருவுல ஒருத்தர்கூட நல்ல மனுசன்னு சொல்லல. அவன் வேண்டாம்."

"குழாயச் சரி பண்ணுவான்னு சொல்லியிருக்காவளே?"

"அதெல்லாம் ஒரு குணமா? நாலு கட்சி மாறினவன் நாளைக்கு என்ன செய்ய மாட்டான்?"

நானும் மண்டையை ஆட்டினேன். கட்சி மாறியவர் என்றதுமே எனக்கும் முகம் சுளித்துக்கொண்டது. பழியை அவர் மேல் மட்டும் போடுவது நியாயம் இல்லை.

தங்கத்துக்கே ஓட்டுப் போட்டேன். ஒரே ஓட்டில் ஜெயித்தார். அந்த ஒரு ஓட்டு என்னுடையது என்று வெட்கமில்லாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து தடவை மேயரிடம் போய்க் குழாயை மாற்றச் சொன்னேன். ஐந்து தடவையும், "சரிக்கா, செஞ்சிருவோம்" என்று எழுந்து நின்று கும்பிட்டார். எட்டு மாதம் ஓடியது. தெருவில் ஒரு பச்சைப் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதன் தாய் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

ஆறாவது தடவை நேரே அவர் வீட்டுக்கே போனேன். ஆள் இல்லை. வாசலில் இஸ்திரி வண்டி நின்றது. இருந்த கோபத்தையெல்லாம் அந்த அம்மாளிடம் காட்டினேன்.

"எங்க வீட்டுக்காரர் வந்து விசாரிச்சப்போ குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னியே, இதுதானா அது?"

"அந்த அண்ணாச்சி வீடா நீங்க? ஏங்க்கா அந்தச் சம்பந்தம் அமையல?"

"எந்தச் சம்பந்தம்? மேயரா வர லாயக்கான்னு கேக்கல்லா வந்தாவ?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேயருக்கா? அத மொதல்லயே சொல்லப்படாதா? அவுக அம்மா ஒரு பல்பு மாத்தச் சொல்லி வருசம் ஒண்ணாச்சு. இன்னும் சரி சரின்னுதான் சொல்லுதாவ. சொன்னது ஒண்ணையும் செய்ய மாட்டாவக்கா."

"அப்புறம் ஏன் அப்படிப் புகழ்ந்த?"

"ஒரு கல்யாணத்தக் கெடுத்த பாவம் நமக்கெதுக்கு? யாரு வந்து கேட்டாலும் நல்லதத்தான் சொல்லுவோம். வாரவ எப்படியும் அனுசரிச்சுப் போயிருவா. குடிதண்ணி விசயம்னு தெரிஞ்சிருந்தா உள்ளதச் சொல்லியிருப்பேன்லா."

சண்டை போடத்தான் போனேன். வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால் எங்கள் அப்பாவும் என் வீட்டுக்காரர் தெருவில் போய் விசாரித்திருக்கிறார். கேட்ட அத்தனை பேரும் தங்கம் என்றுதான் சொன்னார்களாம். அதில் யாராவது ஒருத்தர், தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைத்து உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?