மாதா படமும் பன்னிரண்டு டிகிரியும்

போன புதன்கிழமை எங்கள் வீட்டு ஒயின் பாட்டிலைக் கிளாஸில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே மொத்தமும் ஐஸ்!

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நானே திராட்சை ஒயின் போடுவேன் — இதே பக்கத்தில் எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்! அதை நம்பி மகளும் மருமகனும் ஒரு ஒயின் கூலரே, அதாவது ஒயினுக்கென்றே ஒரு குட்டி ஃபிரிட்ஜே, வாங்கி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் இருந்து சம்பந்தி முதன்முதலாக ருசி பார்க்க வருகிறார். என் கையில் இருப்பதோ ஐஸ் கட்டி. மானம் என்னாவது?

பன்னிரண்டு டிகிரி வைத்திருந்தேன். பதினாலாக்கினேன். பதினெட்டாக்கினேன். பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். கரண்ட்காரர்களைத் திட்டினேன். ம்ஹூம்... அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க” என்றாள் மனைவி ஸ்டெல்லா.

“முப்பது வருஷம் சயின்ஸ் வாத்தியார் நானு! எனக்கு மெக்கானிக்கா?”

வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். மேலூரில் இருந்து பாண்டி என்கிற மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்தார். உள்ளே பார்த்து முதலில் ஒரு கும்பிடு போட்டார்.

“சார், மாதா படத்தை இதுக்குள்ள யாரு ஒட்டுனது?”

நான்தான். கண்ணாடிக் கதவாச்சே! வருகிறவர்கள் பாட்டில்களைப் பார்த்து நம்மைக் குடிகாரன் என்று நினைத்துவிட்டால்? அதனால் பின்பக்கச் சுவரில் மாதா படம். வெறுமனே ஒட்டினால் எடுப்பாக இருக்காதே என்று தெர்மாகோல் வைத்து...

“அங்கனதான் சார் சென்சார் இருக்கு. இம்புட்டு கனமா தெர்மாகோல வச்சு மூடிட்டா அதுக்குக் குளிரு எப்பிடித் தெரியும்? இன்னும் சூடா இருக்குன்னு நெனச்சு ஓடிக்கிட்டே இருக்கு, பாவம்.”

தெர்மாகோல் வெப்பத்தைக் கடத்தாது — இதை எத்தனை வருஷம் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன்! சொல்லத் தெரியாத பையன்களை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். ஸ்டெல்லா படத்தை எடுத்துத் துடைத்துக் கூலரின் தலைமேல் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐஸ் இளகிவிட்டது. சம்பந்தி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். எனக்கு உயிரே இல்லை.

“பிரமாதம் சம்பந்தி!” என்றார். அப்பாடா! பிறகு கூலரின் தலைமேல் குடியேறியிருந்த படத்தைப் பார்த்தார். “மாதாவை உள்ள வச்சா அழகா இருக்குமே?”

“அதெப்படிங்க சம்பந்தி?” தொண்டையைச் செருமிக்கொண்டேன். “உள்ள சென்சார் இருக்கு. தெர்மாகோல் வெப்பத்தைக் கடத்தாது. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாம எத்தனை பேரு...”

அடுக்களையில் இருந்து குரல் வந்தது.

“ஏங்க... பெஞ்சு எடுத்துப் போடவா?”