அக்கா மறக்கவில்லை

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி பணிவுடன் எழுதுவது.

அக்கா கடலூர் முதுநகரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வலது காலைப் பாதித்தது. ஊன்றுகோலுடனே படித்து, சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனார். 2008இல் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கிப் பக்கத்துக்கொரு சக்கரம் பொருத்திக்கொண்டார். யார் துணையும் இல்லாமல் அவர் வெளியே போய்வந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆண்டு, வோல்டேஜ் ஏறி இறங்கியதில் சார்ஜர் எரிந்துபோனது. "கடையில புதுசு சொல்லியிருக்கேன், பத்து நாள் ஆவுமாம்" என்றார். இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் எனக்கு அது பிடிக்கவில்லை.

"எதுக்குக்கா வாங்குற? ரெண்டே நாள்ல நானே செஞ்சி தரேன். கடைக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடு."

செய்தும் கொடுத்தேன். பேட்டரி நிறைந்ததும் தானே நின்றுவிடும் அமைப்பு மட்டும் அதில் இல்லை. அதைச் செய்ய எனக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்ல வெட்கம். நேரம் பார்த்து நிறுத்தும்படியாவது சொல்லியிருக்கலாம். பழைய சார்ஜர் அப்படியில்லையே என்று கேட்பாரோ என்று அதையும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு காலை அக்கா வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தார். மாலையில் எங்கள் தாய்மாமாவும் நானும் அவரைக் கொண்டுபோய் விட்டபோது வீடெல்லாம் ஆசிட் நெடி. நான்கு பேட்டரிகளும் உப்பிக் கிடந்தன.

"இன்னாடா ஆச்சு?" என்றார் மாமா.

"அக்கா நிறுத்தாம வந்துட்டுது மாமா. மறந்துட்டுது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா மாமா, நான்தான் மறந்துட்டேன்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் பள்ளிக்குப் பஸ்ஸில் போனார். ஒருநாள் படியில் வழுக்கி விழுந்து, ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா, "தம்பி கஷ்டப்பட்டு செஞ்சி குடுத்தான், மறதில கெடுத்துட்டுது" என்றார். நான் பக்கத்தில் நின்று டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து நடமாடியதும் அக்கா புது பேட்டரிகளும் கடைச் சார்ஜரும் வாங்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன ஆண்டு துக்கம் கேட்க வந்த ஸ்கூட்டர் மெக்கானிக்தான் என்னிடம் சொன்னார்: "சார்ஜர்லதான் கோளாறுன்னு அப்பவே டீச்சர்கிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க, தம்பி தொழில் பண்றான்னாங்க."

சிறுநீரகம் பழுதாகி அக்கா மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் முறைவைத்து உடனிருந்த சக ஆசிரியைகளுக்கும், ஊன்றுகோலும் கையுமாக நின்றவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், உண்மையைச் சொன்ன மெக்கானிக்குக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன்.

"இத அவகிட்ட சொன்னியாடா?" என்றார்.

"இல்ல மாமா."

மாமா, "அப்படியே போடு" என்று எழுந்து போனார்.