உபதேசியாருக்கு இரண்டாம் முறை அடித்த மணி

ஆலயத்து மணி அடிக்கத் தொடங்கியபோது நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது; எனக்கு அங்கேதான் உத்தியோகம். நல்ல வெயில். ஓர் அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் அடி. துக்க மணி. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றினேன், மற்றதுகளைக் கைகோத்து நிற்கச் சொன்னேன், கதவோரத்துப் பையைத் தோளில் மாட்டினேன். மேட்டுப் பாதைக்கு வந்து பார்த்தால் தோட்டமே ஏறி வந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்கு ஒரு பையோடு. யாரும் அழவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பி மலையைத்தான் பார்த்தார்கள்.

ஆலய வாசலில் திரேசம்மாக்கா மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். "இந்தத் தடவ நெசமாத்தான்," என்றார். "தேத்தண்ணி குடிச்சாரு. கோப்பையக் கீழ வச்சாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

அவர் புருஷன் உபதேசியார் சவரிமுத்து போய்விட்டார். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். "பொய் சொல்லாதீங்கக்கா," என்றாள் ஒருத்தி. அவளைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஏற்கெனவே ஒருமுறை துக்க மணி அடித்தாயிற்று. அன்றைக்கு அடித்தவரும் அவரேதான்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். உங்களுக்கு அவரை ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் தெரியும். பதுளையிலிருந்து பங்குச் சுவாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லும் அந்தப் பெரிய குரல் தெரியும். எனக்கு அவரைச் சண்டைக்குத் தெரியும். நான் நெற்றியில் திருநீறு பூசுகிறவள், அவர் கழுத்தில் சிலுவை போட்டவர். இரண்டு பேரையும், மண்சரிவு வந்தால் ஆட்களைக் காப்பாற்றும் தோட்டத்து அனர்த்தக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்டமாவது நாங்கள் சத்தம் போடாமல் முடிந்ததில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் "சொகமா இருக்கீங்களா" என்று கேட்கமாட்டார். "பை எங்க?" என்றுதான் கேட்பார். மழைக்காலத்தில் வீட்டைவிட்டு ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு போவதற்கான பை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, டார்ச், குழந்தைக்குப் பால்மா என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் பையையே வாசல் இஸ்தோப்பில் கவிழ்த்துவிட்டார். "பட்டுச்சேல இருக்கு. அம்மாவோட சீனி மாத்திர இல்ல. ஏன் டீச்சரம்மா, அம்மாவுக்குச் சீனி ஏறுனா சேலயத் திங்குமா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் அன்றைக்கே வைத்துவிட்டேன்.

அவர் மணி அடித்த அந்த வருடத்து மழையை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வரும் பீலி நின்றுபோனது. வெளியே வாய்க்காலெல்லாம் நுரை தள்ளி ஓடுகிறது, பீலி மட்டும் காய்ந்து கிடக்கிறது. அதற்கு மறுநாள் கதவுகள் சாத்த மாட்டேன் என்றன. நேற்றுவரை நன்றாக மூடிய கதவுகள்; தரை நகர்ந்து நிலைகள் கோணியிருந்தன. பிறகு என் அக்கா லெட்சுமியின் அடுப்புக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. கூரை ஒழுகவில்லை. தரைக்குள்ளிருந்து, சாம்பலைத் தள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பீலித் தண்ணீர் மலைக்குள்ளேயே இறங்கி லயத்துக்கு அடியில் ஓடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் கீழ் லயத்து ஆட்கள் நகரமாட்டோம் என்றார்கள். போன மழையில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் ஓடிப்போய்ப் பாடசாலைத் தரையில் படுத்துக் கிடந்தவர்கள்தான் அவர்கள். திரும்பி வந்தால் கோழியும் இல்லை, காஸ் சிலிண்டரும் இல்லை. யாரோ களவாடிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா புருஷன் மாரிமுத்து அத்தான் அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் பிடித்து வைத்திருந்தார். "மல அங்கேயேதான் இருக்கு. என் கோழிதான் இல்ல," என்பார்.

எச்சரிக்கை வந்த அன்றைக்கும் ஒலிபெருக்கி கத்திக்கொண்டே போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் அடுப்புத் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, பக்கத்தில் கல் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கெஞ்சினேன். திட்டினேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவோ, "அவரு வராம நான் எப்படிடி வருவேன்?" என்றாள். அழுதுகொண்டே மேலே ஏறி ஆலயத்துக்கு வந்தேன்.

உபதேசியார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இவங்க உசுருக்குப் பயந்து வரமாட்டாங்க டீச்சரம்மா. சாவுக்கு வருவாங்க." சொன்னவர் கயிற்றில் கை வைத்துவிட்டார்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்க மணி கேட்டால் கொழுந்துக் கூடையை வைத்த இடத்தில் வைத்துவிட்டு வருவோம். திருநீறு வீடு, சிலுவை வீடு என்று பார்ப்பதில்லை. அடுப்பை அவித்துவிட்டுக் குடும்பத்தோடு வர வேண்டும். வராத வீட்டுப் பிணத்துக்கு நாளைக்குத் தோள் கொடுக்க ஆள் இருக்காது. அதிலும் மாரிமுத்து அத்தான், சாவு வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் மரண சங்கத்தின் தலைவர். அவர்தான் முதலில் வந்தாக வேண்டும்.

"உசுரோட இருக்கிற ஆளுக்குச் சாவு மணி அடிக்கிறது ஆகாத காரியம். யாரு பேரச் சொல்லப் போறீங்க?" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருத்தர் பேரச் சொல்ல எனக்கு என்ன பாத்தியத இருக்கு? எம்பேருதான். கைய எடுங்க."

அடித்தார். மூடுபனிக்குள் எங்கும் ஒன்றும் தெரியவில்லை. முதலில் இருமல் சத்தம் வந்தது. பிறகு வெள்ளையாக ஏதோ அசைந்தது. மரண சங்கத்து வெள்ளைக் கொடிகள். யார் செத்தது என்று தெரியாமலேயே, தன் வாசலிலிருந்து ஆலயம்வரை பாதையோரம் கொடி நட்டுக்கொண்டே வந்திருக்கிறார் அத்தான். அவர் பின்னால் அக்கா, பிள்ளைகள், கீழ் லயம் முழுவதும்.

"யாரு?" என்றார் அத்தான்.

"நான்தான்," என்றார் உபதேசியார். "உக்காருங்க எல்லாரும்."

அத்தான் கையை ஓங்கிவிட்டார். அந்தக் கை இறங்குவதற்குள் கீழே சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. கனமான மூட்டையைச் சிமெந்துத் தரையில் இழுக்கிற சத்தம். அது நிற்கவே இல்லை. பனிக்குள் எதையும் பார்க்க முடியவில்லை. பச்சை மண் வாடை மட்டும் ஏறி வந்தது. பனி விலகியபோது கீழ் லயம் இல்லை. பாதையோரக் கொடிகள் பாதிவரைக்கும் நின்றன. அதற்குப் பிறகு பாதையே இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு நான் போட்ட கூச்சல் இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நட்ட கொடிகளைப் பிடுங்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மழையிலேயே கிழிந்து தொங்கின. "மணி அடிச்சாச்சு, கொடி நட்டாச்சு, பொணம் மட்டும் இல்ல. மல காத்துக்கிட்டு இருக்கு," என்று குசுகுசுத்தார்கள். அவர் எதிரே வந்தால், அவரால் பிழைத்தவர்களே பாதையின் மறு ஓரத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ சிரித்தார். "நான் செத்தவன் டீச்சரம்மா. உசுரோட இருந்தப்ப பை கட்டுனு தொண்ட கிழியச் சொன்னேன், எவனும் கேக்கல. இப்ப பாருங்க." உண்மைதான். பை இல்லாத வீடு அதற்குப் பிறகு நம் தோட்டத்தில் இல்லை.

ஒரு சாயந்தரம் பனி இறங்கும் நேரம், சரிந்த இடத்து விளிம்பில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். மலையைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிடுகிற ஆளுக்குச் சொல்வதுபோல், "இரு, இரு, வர்றேன்," என்றார். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "சும்மா," என்றார்.

அடக்கத்துக்கு அத்தான்தான் கொடி நட்டார். அன்றைக்கு நட்ட அதே பாதையில், அதே விளிம்புவரை நட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, "ஒங்கள அடிக்கக் கை ஓங்குனேனே ஐயா," என்று வாய்விட்டு அழுதார். குழி மூடிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பைகளை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தோம். கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "இனி மல அமைதியாயிரும். கேட்ட ஆளு கெடச்சாச்சு."

திரேசம்மாக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "மலைக்கு என் புருஷன் எதுக்குடி? அதுக்கு மழ போதும்." பிறகு என்னை ஆலய வாசலுக்கு அழைத்துப் போய், மணிக் கயிற்றின் நுனியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "எனக்குக் கையில வலு இல்ல. ஒங்ககிட்ட குடுக்கணும்னு முந்தியே சொல்லி வச்சாரு. திருநீறு பூசுன கை அடிச்சாலும் மணி அடிக்கும்னு சொன்னாரு."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கயிறுதான். நேற்று முழுக்க மழை. இன்று காலை மேல் லயத்தில் ஒரு கதவு சாத்தவில்லை என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தேன், நிலை கோணித்தான் இருக்கிறது; வந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். மணி கேட்டால் நம் ஆட்கள் பையோடு வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வழக்கப்படி அத்தான் முன்னால் வந்து, யாரு என்று கேட்பார். இன்னொருவர் பெயரைச் சொல்ல எனக்கும் பாத்தியதை இல்லை.