பேச்சு அறுந்த நடை

அந்தச் செயற்கைக் காலுக்கு அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சப்பாத்தை மாட்டியிருந்தார். இனிப்பு நீர் வியாதி வந்து முழங்காலுக்குக் கீழே எடுத்த இடது காலுக்குப் பதிலாக வந்தது அது. முதல் நாளே அதைக் கழற்றி நாற்காலியில் நிறுத்திவிட்டு, தன்னைவிட இதற்குத்தான் பயிற்சி தேவை என்றார். நான் தாதி இல்லை, பிசியோ என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் மிஸ்ஸிதான். அவர் எனக்கு லோரி அண்ணன். லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்கு லோரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போனவர். நான் அப்போது குளுவாங் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு அந்த நாளில் ஒரு பைத்தியம் இருந்தது. உலகத்தில் எது மிகக் குறைந்த சக்தியில் காரியத்தை முடிக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பேன். வெயில் ஏறியதும் செம்பனைக்கு மேலே சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயரும் பருந்து, மிதித்த மிதி வீணாகாத சைக்கிள் என்று என் பட்டியல் நீளும். அதில் என்னை அதிகம் குடைந்தது மனித நடை. நம் தசை ஊதாரி. தின்றதில் பெரும்பங்கைச் சூடாக்கி விட்டுவிடும். அப்படியிருந்தும் நடப்பதற்கு அவ்வளவு குறைவாகத்தான் செலவாகிறது. காரணம், நாம் நடப்பதில் பாதி விழுவது. உடம்பு ஒரு காலின் மேல் ஏறி முன்னால் சரிகிறது. சரிந்த வேகம் அடுத்த ஏற்றத்துக்குக் கை கொடுக்கிறது. பின்னால் நிற்கும் கால் ஊஞ்சல் மாதிரி தானே முன்னுக்கு வந்துவிடும்.

லோரி அண்ணன் விழ மறுத்தார். இடுப்போடு காலைத் தூக்கி, குலையை இறக்குவது போல் தொப்பென்று வைப்பார். இப்படிப்பட்டவர்களைச் சோதிக்க எங்களிடம் எளிய வழி ஒன்று உண்டு. நடந்துகொண்டே பேசச் சொல்வோம். பேச்சு தடையில்லாமல் வந்தால் உடம்பு சிக்கனமாக ஓடுகிறது. வாக்கியம் நடுவில் அறுந்தால் எங்கோ சக்தி ஒழுகுகிறது. உட்கார்ந்திருந்தால் ஓயாமல் பேசும் மனுஷனுக்கு நாலாவது அடியில் வாய் அடைத்துவிடும்.

அது வெறும் மூச்சுப் பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரும் அண்ணியும் குளுவாங் பாசாருக்கு மீன், காய்கறி வாங்கச் சேர்ந்து வருவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். கால் போன பிறகு ஒரே தடவை வந்திருக்கிறார்கள்.

"முன்னெல்லாம் நான் பேசிக்கிட்டே போவேன், அவ திட்டிக்கிட்டே வருவா. இப்ப நான் நடக்கிறேன், அவ பத்தடி முன்னால நின்னு நின்னு பாக்குறா. ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல மிஸ்ஸி."

இந்த மாதத்துக்குள் சரியாகவில்லை என்றால் சக்கர நாற்காலியே போதும், பாசாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் படித்ததையெல்லாம் ஒப்பித்துப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் என் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினேன். மோட்டார் இல்லாத ஒரு ஜோடி உலோகக் கால்கள் சரிவுப் பலகையில் தாமாக நடந்து இறங்கும். மூன்று தடவை பார்த்தார். எஞ்சின் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அட, இறக்கத்துல நியூட்ரல்ல விட்ட லோரி மாதிரி லா," என்றார். டீசலை மிச்சப்படுத்த ஒரு காலத்தில் தானும் அப்படி விட்டதாகவும், ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் உயிர் போய் வந்ததாகவும் சொன்னார். நானும் என் பங்குக்குத் திட்டினேன். அவர் காதில் விழவில்லை. "நான் இந்தக் கால ஃபர்ஸ்ட் கியர்லயே இழுத்துக்கிட்டுக் கெடக்கேன்," என்று எழுந்தார்.

கால் முதல்முறையாகத் தானே வீசி வந்தது. மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கி, நான் பிடிப்பதற்குள் தரையில் கிடந்தார். என் தப்புதான்; வீசச் சொன்ன நான் தாங்கச் சொல்லித் தரவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணி ஓடி வருவார் என்று பயந்தேன். அவர் அசையவில்லை.

"வீட்டுல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு, இங்க நாலு தடவ விழட்டும்," என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து தொடைக்கும் இடுப்புக்கும் பிரேக் பயிற்சி. மாதம் தாண்டியும் அவர் வருவதை நிறுத்தவில்லை. ஏழடி, பிறகு பன்னிரண்டடி வரை பேச்சு நீண்டது. அதற்குள் எனக்குத் தம்போய்க்கு மாற்றல் வந்துவிட்டது. இங்கே மூச்சை அளக்க முகமூடி வைத்த இயந்திரம் இருக்கிறது. இருந்தாலும் நான் இன்னும் பேசச் சொல்லித்தான் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டாவது அடிக்குப் பிறகு என்ன ஆனது என்று மனசு அரிக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த வேலையாகக் குளுவாங் போயிருந்தேன். பாசாரில் மீன்கடை ஓரம் நின்றபோது அந்தக் குரல் கேட்டது. கெம்போங் மீனின் விலையில் ஆரம்பித்து, மருமகனின் கார் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அண்ணி பக்கத்திலேயே, கூடையோடு, அதே வேகத்தில் வந்தார்.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு வாங்களேன்," என்றார்.

எனக்கு 'அண்ணே' என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டால் நிற்பார். நின்ற வண்டியை மறுபடி நகர்த்தத்தான் சக்தி அதிகம் செலவாகும். கூப்பிடாமல் ஒதுங்கி வழிவிட்டேன். என்னைக் கவனிக்காமலே, பேசிக்கொண்டே தாண்டிப் போனார்.